மாமாவுக்குப் பொருந்திய வெளிச்சம்

உங்கள் மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு லேசாக முனகுகிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தினமும் கேட்கிற சத்தம் யார் காதிலும் விழாது. பயப்பட ஒன்றும் இல்லை. விளக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, போதாக்குறைக்கு அதன் மேல் ஒரு தகரக் கூம்பையும் கவிழ்த்திருக்கிறீர்கள். சூடு மேலே ஏறும் அல்லவா? மேலே இருப்பது விளக்கின் அடிப்பாகம். அந்த வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள்தான் அதன் மூளை இருக்கிறது. தீப்பெட்டி அகலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை. பாவம், தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது. கூம்பை எடுத்துவிட்டால் இன்னும் நெடுநாள் உழைக்கும்.

இதை உரிமையோடு சொல்லக் காரணம், அந்த விளக்கை வடிவமைத்தவன் நான். அது வந்த அட்டைப்பெட்டி எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்கள் விசாரிப்பது அவரைப் பற்றித்தான். என் மாமனார். என்னைக் கூப்பிட நீங்கள் இத்தனை மாதம் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குள் விளக்கு விற்பனைக்கு வந்துவிட்டது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் விளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், சுவாரசியமான விஷயம்தான்.

இதை வெறும் சுருண்ட குழாய் என்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது அழகானது. குழாயின் இரண்டு முனைகளிலும் மெல்லிய கம்பிச்சுருள்கள். நடுவே கொஞ்சம் வாயு, ஒரு துளி பாதரசம். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி ஓர் ஒளியை விடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் பொடி அந்தத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, தெரிகிற ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. பழைய குண்டு பல்பு அப்படியல்ல. அது கம்பியைப் பழுக்கக் காய்ச்சும், வந்த மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக ஊதித் தள்ளும், போகிற போக்கில் கொஞ்சம் வெளிச்சமும் தரும். அடுப்பு என்று சொன்னால்தான் அதற்குப் பொருந்தும்.

ஆனால் சிக்கல் என்னவென்றால், வீடுகள் எல்லாம் அந்த அடுப்புக்காகக் கட்டப்பட்டவை. அதை மாட்டும் ஹோல்டர், அதன் கூம்பு, அதன் சுவிட்ச், அதற்குப் பழகிய மனிதர்கள். என் விளக்கு, செத்துப்போன ஒருவரின் நாற்காலியில் உட்கார வந்த புது ஆள் மாதிரி. எதைச் செய்தாலும் "அவர் இருந்தப்போ இப்படி இல்லையே" என்பார்கள்.

முதல் புகார், போட்டதும் மங்கலாக இருக்கிறது என்பது. பாதரசம் சூடாகி ஆவியாக வேண்டும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இதை எங்கள் மேலாளரிடம் கொண்டுபோனேன். அவரைத் தொழிற்சாலையில் எல்லோரும் பதினொன்று என்போம். பதினொரு வாட்டுக்கு மேல் இம்மியும் ஏறக் கூடாது என்பது அவர் மந்திரம்.

"சார், முழு வெளிச்சம் வர்றதுக்குள்ள ஆள் உள்ள போயிடறான். இருட்டுல முட்டிக்கிறான்."

"அப்படி என்ன தலைபோற அவசரம் அவனுக்கு? வாசப்படியில கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அதில் பொறி தட்டியது. இத்தனை நாளும் நாங்கள் விளக்கையே திருத்திக்கொண்டிருந்தோம். ஆளைத் திருத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்குக் கூம்பு அளவு கிடையாது, பதினொரு வாட் கட்டுப்பாடு கிடையாது, பழக்கினால் பழகுவான். விளக்கை மாற்ற முடியாத இடத்தில் ஆளை மாற்று. என் வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே விதி இதுதான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருப்பது.

சோதனைக்கு என் வீட்டையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் நான், என் மனைவி, மாமா. மனைவிக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. விடிவதற்குள் கிளம்புவாள், இருட்டிய பிறகு வருவாள். மாமா துணிக்கடையில் வாழ்நாள் முழுக்க நின்று விற்றவர். மாமி போன பிறகு எங்களோடு வந்துவிட்டார்.

விளக்கைப் போட்டால் வாசப்படியில் நிற்பது என்பதை இருவருக்கும் பழக்கினேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "தூங்கிட்டியா?" என்றால், "இல்லைங்க, உங்க பாதரசத்துக்காகக் காத்திருக்கேன்" என்பாள்.

அடுத்த சிக்கல், அடிக்கடி அணைத்துப் போடுவது. ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் கம்பிச்சுருளின் மேல்பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. பூச்சு தீர்ந்தால் விளக்கு தீர்ந்தது. இந்த விளக்கு எரிவதால் சாவதைவிட, ஏற்றுவதால்தான் சீக்கிரம் சாகிறது. ஒரு வீட்டில் அதிகம் பாதிக்கப்படுவது கழிவறை விளக்கு. ஆளாளுக்கு நினைத்தபோது போகிறார்கள், போடுகிறார்கள், அணைக்கிறார்கள். எனவே எல்லோரும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் போய் வருவது என்று வைத்தேன்.

"ஏங்க, எனக்கு இப்ப வரல."

"இப்பதான் உன் முறை. விளக்கு எரிஞ்சுட்டிருக்கு."

"விளக்கு எரிஞ்சா எனக்கு வந்துடுமா?"

மாமா வரிசையில் எனக்குப் பின்னால் நின்று சிரித்தார். "கடையில தள்ளுபடி போட்டப்போகூட இப்படி வரிசை நின்னதில்ல மாப்ளே."

மூன்றாவது, இப்போது உங்கள் தலைக்கு மேல் நடக்கிறதே, அந்தச் சூடு. பலகை மேலே இருந்தால் வேகும். கீழே இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும். எனவே கூரையில் தொங்கிய விளக்குகளை எல்லாம் எடுத்து, தரையில் பீடம் வைத்து நிமிர்த்தி நிறுத்தினேன். வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடித்தது. தாடையும் மூக்குத் துவாரமும்தான் பளிச்சென்று தெரியும். பலகை ஒருமுறைகூடச் சூடாகவில்லை. "பேய்ப்படத்துக்குள்ள குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாமா ஒருநாள் வாசப்படியில் நிற்காமல் அறைக்குள் போய்விட்டார். விளக்கு இன்னும் மங்கலாக இருந்தது. பீடத்தில் கால் இடறி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நான் முதலில் விளக்கைப் பார்த்தேன் என்று மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். குழாய் உடைந்திருந்தால் பாதரச ஆவி அறையெங்கும் பரவியிருக்கும். மூச்சில் போவது காலுக்கு வந்ததைவிட ஆபத்து. விவரம் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். விளக்குக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காலில் மாவுக்கட்டுப் போட்டு, நடு அறையில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தினோம். விளக்கைத் திரும்பக் கூரைக்கே ஏற்றிவிட்டேன். பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்குபவன் இல்லை நான்.

இங்கே மாமாவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துணிக்கடையில் கடைக்குள் இருக்கும் வெளிச்சத்தை யாரும் நம்ப மாட்டார்கள். வாடிக்கையாளர் நிறம் கேட்டால், விற்பவர் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துக் காட்டுவார். உள்ளே கருநீலமாகத் தெரிந்தது வெளியே ஊதாவாக இருக்கும். வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர், வீட்டிலும் எதைக் கொடுத்தாலும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். தக்காளி, மாத்திரை, மின்சாரக் கட்டண ரசீது. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த அன்று என்னையே தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டு போய், வெயிலில் நிறுத்தி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "எடுத்துக்கலாம்மா, சாயம் போகாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெயிலை அளவுகோலாக வைத்துக்கொள்வது அறிவியல் முறைப்படி சரியல்ல. காலையில் ஒரு வெயில், மேகம் வந்தால் ஒரு வெயில். அதற்கு நிலையான குணமே கிடையாது.

நான்காவது சிக்கல்தான் பெரியது. நிறம்.

குழாய்க்குள் பூசும் பொடி மூன்று பொடிகளின் கலவை. சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. ஆனால் மனிதக் கண்ணுக்குப் பச்சைமேல் தனிப் பிரியம். கொஞ்சம் பச்சை கொடுத்தாலும் "ஆகா, என்ன வெளிச்சம்" என்று சொல்லும். சிவப்பை அது அவ்வளவாக மதிக்காது. எனவே குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் காட்ட வேண்டுமானால் சிவப்பைக் குறைக்க வேண்டும். சிவப்பைக் குறைத்தால் என்ன ஆகும்? மனிதத் தோலின் உயிர்க்களை முழுக்கச் சிவப்பில்தான் இருக்கிறது. முகம் செத்துப்போகும்.

தொழிற்சாலையில் எல்லோரிடமும் கைக்கண்ணாடியைக் கொடுத்து விளக்கின் கீழ் நிற்க வைத்தோம். "சார், குளிரூட்டுற பெட்டியில இருந்து எடுத்த மீன் மாதிரி இருக்கேன்" என்றார் காவலாளி. பொதி கட்டும் பிரிவில் இருந்த அம்மா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வெளிச்சத்துல எம் புருஷன் என்னைப் பார்த்தா, அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிடுவான்."

பதினொன்றிடம் போனேன். "சிவப்பைக் கொஞ்சம் கூட்டணும் சார்."

"வாட் ஏறுமா?"

"ஏறும். இல்லைன்னா வெளிச்சம் குறையும்."

"அப்ப ரெண்டும் வேணாம். வேற வழி பாருங்க."

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனைகளுக்குப் பொருள் வாங்கும் குழு எங்கள் விளக்கைக் கேட்டது. ஊரிலுள்ள எல்லா வார்டுகளுக்கும். அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை, படுக்கையில் இருப்பவரின் முகம் இந்த வெளிச்சத்தில் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பது. படுக்கையில் ஒரு நோயாளியைக் கிடத்தி, விளக்கை மாட்டி, நேரில் பார்ப்பார்களாம். வார்டில் சோதிக்க அனுமதி இல்லை. பதினொன்று யோசித்துவிட்டு, "உங்க மாமா படுத்துதானே இருக்கார்?" என்றார்.

நடு அறை ஜன்னலைக் கறுப்புக் காகிதம் ஒட்டி மூடினேன். வெயில் கலந்தால் சோதனை கெட்டுவிடும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாப்ளே, என்னைத் தூக்கிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் வாசல்ல போடுங்களேன். பகலா ராத்திரியான்னே தெரியல." சோதனை முடியட்டும் மாமா என்றேன்.

முதலில் அவர் முகமும் மற்ற முகங்களைப் போலத்தான் இருந்தது. சாம்பல் பூத்து, உதடு நீலமாக. நான் பொடியை மாற்றவில்லை, மின்சுற்றை மாற்றவில்லை. ஆனால் நாள் போகப் போக மாமாவின் முகம் தெளிந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்த மனைவி கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, அப்பா முகம் தெளிஞ்சிருக்கில்ல? படுத்தே கிடக்கிறதால உடம்பு தேறியிருக்கு" என்றாள். நான் என் கையை அவர் கன்னத்தருகே வைத்துப் பார்த்தேன். என் கை பிணத்தின் கை. அவர் கன்னம் மனிதக் கன்னம். ஒரே விளக்கின் கீழே.

காரணம் மாறாமல் விளைவு மாறினால், மாறியது எது என்று தேட வேண்டும். மாறியது விளக்கல்ல. அப்படியானால் மாமா.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறது என்பார். மாவுக்கட்டுக்குள் அரிக்கத்தான் செய்யும் என்பேன். சோதனை வீட்டில் நடந்ததால் பகலில் அவருக்கு எல்லாம் செய்வது நான்தான், பாத்திரம் எடுப்பது உட்பட. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனதைப் பார்த்திருந்தேன். விளக்கின் கோளாறு என்று நினைத்து, அளவீட்டில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காகிதத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தது. அதன் வழியே வெயில் நாணயம்போல வட்டமாக அவர் போர்வைமேல் விழுந்தது. நான் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். பழக்கம் விடுமா? கையை நீட்டி, அந்த வட்டத்துக்குள் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, என் கை என்ன இப்படி மஞ்சளா இருக்கு?"

நானும் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே இயல்பான கை. வட்டத்துக்குள் மஞ்சள் அரைத்துப் பூசிய கை. அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. அவ்வளவு எளிமையான விஷயம். சிவப்பைக் குறைத்ததால் என் விளக்கு நீலம் தூக்கலான விளக்கு. மஞ்சள் பொருள் நீலத்தை விழுங்கும். விளக்கு அதிகமாகக் கொடுத்த நீலத்தை மாமாவின் தோல் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் திரும்பி வந்தது, ஆரோக்கியமான மனிதனின் நிறம். விளக்கில் இருந்த குறையும் அவரில் இருந்த குறையும் ஒன்றையொன்று கச்சிதமாகக் கழித்துக்கொண்டுவிட்டன. பதினொரு வாட்டுக்குள். சிவப்பைத் தொடாமல்.

அவருக்கு மஞ்சள் காமாலை என்பதும் புரிந்தது. இதை மறைக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

"ஜன்னல் கண்ணாடி பழசாகி மஞ்சளேறியிருக்கு மாமா. அது வழியா வர்ற வெயில் அப்படித்தான் தெரியும்" என்றேன். ஓட்டையை ஒட்டினேன்.

"அப்படியா" என்றார். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நிறத்தைப் பற்றி அவரிடம் யாராவது சொல்லி அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

அவரை அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழு அந்த வாரம் வருவதாக இருந்தது. அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் கொண்டுபோவதாக முடிவு செய்திருந்தேன். நடுவில் வைத்தியம் செய்தால் நிறம் இறங்கிவிடும். குழு அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் குழுத் தலைவிக்குச் சளி. தாமதம் முழுவதும் அவர்கள் பக்கம்.

இதற்கிடையில் மனைவி தன் விடுமுறை நாளில், என்னைக் கேட்காமல், தெருக்கோடியில் இருக்கும் மருத்துவரை அழைத்துவந்துவிட்டாள். நல்ல மனிதர். உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது, பதுங்குகுழி மாதிரி? அந்த ஜன்னலைத் திறங்க. வெளிச்சத்துல பாக்கணும்."

"திறக்க வராது டாக்டர். சட்டம் உப்பிக்கிச்சு. கார்பெண்டர் வரணும்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் காகிதம் ஒட்டிய பிறகு அவள் அந்த ஜன்னலைத் தொட்டதில்லை. உப்பியிருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

மருத்துவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து மாமாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார். அது பழைய குண்டு பல்பு டார்ச். அந்த வெளிச்சமே மஞ்சள். சுண்ணாம்புச் சுவரைக்கூட மஞ்சளாகக் காட்டும். அவருக்கும் அது தெரியும். "இதை நம்ப முடியாது" என்று அணைத்துவிட்டு, என் விளக்கின் கீழ் முகத்தைப் பார்த்தார்.

"முகம் நல்லாத்தான் இருக்கு. சிறுநீர் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது டாக்டர்" என்றேன். எப்படிப் போகிறது என்றுதான் கேட்டார். என்ன நிறம் என்று கேட்கவில்லை.

மாமா கட்டிலிலிருந்து மெல்லச் சொன்னார்: "டாக்டர், என்னை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. உள்ள வெச்சுப் பாத்தா ஏமாந்துடுவீங்க."

"அப்பா, நீங்க என்ன துணியா?" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தார்கள். மாவுக்கட்டோடு அவரைத் தூக்குவது சிரமம் என்று நான் சொன்னேன். மருத்துவர் எதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நானே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மறுநாள் மனைவி வேலையிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவள் வேலையில் கவலையோடு நிற்பதால் யாருக்கு என்ன பயன்?

கடைசியில் குழு வந்தது. தலைவி முதலில் தன் கையை விளக்கின் கீழ் நீட்டிப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார். சுளிப்பு போய்விட்டது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"முதுகு அரிக்குதும்மா."

"முகம் ரொம்ப நல்லா இருக்கே."

"முகம் நல்லா இருந்து என்னம்மா, அரிக்கிறது முதுகுதானே."

எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. தலைவி வெளியே வந்து என்னிடம் சொன்னதை என்றும் மறக்க மாட்டேன். "பாக்க வர்ற சொந்தக்காரங்க பயந்துடக் கூடாது. அதான் எங்களுக்கு வேணும். இந்த விளக்குல ஆளு தேறிட்ட மாதிரியே தெரியுது." அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

நான் அன்றே மாமாவை வண்டியில் ஏற்றியிருப்பேன். ஆனால் பதினொன்று கூப்பிட்டார். பெட்டிமேல் போட அந்தப் பெரியவரின் முகமே வேண்டும், புகைப்படக்காரர் வருகிறார் என்றார். அவர் வரச் சில நாள் பிடித்தது.

புகைப்படக்காரர் முதலில் தன் கேமராவின் பளிச்சொளியைத் தூக்கினார். நான் தடுத்துவிட்டேன். பளிச்சொளி என்பது வெயிலை ஒரு நொடிக்குச் சுருக்கி வைத்தது, காரியத்தைக் கெடுத்துவிடும். "விளக்கு வெளிச்சத்துலயே எடுங்க" என்றேன். "மங்கலா வரும் சார்" என்று முனகிக்கொண்டே முக்காலியை நிறுத்தினார். மாமாவுக்கு அன்று காய்ச்சல். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தலையணையை உயர்த்தி நிமிர்த்தினோம்.

"ஐயா, கொஞ்சம் சிரிங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இது முடிஞ்சதும் என்னை வாசலுக்குக் கொண்டுபோவீங்கல்ல?"

"கொண்டுபோறேன் மாமா."

அப்போது சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பெட்டியில் இருப்பது. நீங்களே பாருங்கள், வலிந்து வரவழைத்த சிரிப்பு மாதிரியா இருக்கிறது?

அன்று மாலையே போய்விட்டார். பிறகு பிரேதப் பரிசோதனையில் பார்த்தபோது, பித்தப்பையிலிருந்து வரும் குழாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்ததாம். பித்தம் தேங்கி, அங்கே சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். வாய் வழியாக ஒரு கம்பிக்குழாயை விட்டுக் கல்லை எடுத்திருக்கலாம், சின்ன வேலை என்று பிறகு மருத்துவர் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு குழாய்ச் சிக்கல்தான். என் துறைக்கு அவ்வளவு தூரமில்லை. அது எப்படிச் செய்கிறார்கள் என்று அவரிடம் விவரமாகக் கேட்டேன்.

நடு அறையிலேயே அவரைக் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "தூங்குற மாதிரியே இருக்கார்." "முகத்துல என்ன களை பாருங்க." "நோயில படுத்தவர் மாதிரியா இருக்கு?" நான் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்த அத்தனை பேர் முகமும் சாம்பலாக இருந்தது. அறையில் உயிரோடு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு நல்ல முடிவு எந்தச் சோதனைக்கூடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலையில் நான்கு பேர் தூக்கினார்கள். முன்னறையைத் தாண்டி, வாசப்படியில் இறங்கியதும் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் முட்டிக்கொண்டார்கள். வாசலில் நல்ல வெயில். கடையில் துணியை எடுத்து வந்து விரித்தது போல, மாமாவை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாடிய சாமந்திப் பூவின் மஞ்சள். நெற்றி, காது, நகம், எல்லாம். கூட்டத்தில் இருந்த மருத்துவர் முன்னால் வந்து அவருடைய இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். நடு அறை ஜன்னலை வெளியிலிருந்து ஒரு விரலால் தள்ளினார். திறந்துகொண்டது. காகிதம் கிழியும் சத்தம் வாசல்வரை கேட்டது.

ஆக, ஜன்னல் திறக்கும். உப்பியிருக்கிறது என்று நான் சொன்னது பொய். ரத்தம் எடுத்ததாகச் சொன்னதும் பொய். அவருக்குக் காமாலை என்று தெரிந்தே, விளக்குக்காக அவரை அந்த அறையில் வைத்திருந்தேன். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. வார்டுகளில் மாட்டியதை எல்லாம் கழற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அங்கே இப்போது நிறையப் பேர் நன்றாகத் தெரிகிறார்கள்.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. உள்ளே வந்தாள். அதற்குள் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றுவிட்ட என் தோளைப் பிடித்தாள். முன்னறை வழியாக வாசலுக்கு நடத்திக்கொண்டு போய், வெயிலில் நிறுத்தினாள். என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கூசியது.

"உள்ள வெச்சுப் பாரும்மா," என்றேன். "நான் நல்லாத்தான் இருப்பேன்."